கலஹா வெள்ளைக்கல்லும் இரும்பு மீக்கடத்தியும்

பேராதனையில் கலஹா சந்தி என்றால் தெரியாதவர் இல்லை. அங்கே தொடங்கும் கலஹா வீதி முதலில் பல்கலைக்கழக வளவுக்குள் ஓடுகிறது. 1952 முதல் இங்கே இயங்கிவரும் கெம்பஸின் கட்டடங்கள் பெரிய மரங்களுக்கு ஊடாக வந்து போகின்றன. ஹந்தானை மலைத்தொடர் இடப்பக்கம் கூடவே வருகிறது. அதன் மறுபக்கச் சரிவில், கண்டி நகரைப் பார்த்தபடி, 1981 இல் உருவான தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. வளவைத் தாண்டி ஹிந்தகல பக்கம் போனதும் வீதி மலையேறத் தொடங்கும். ஏறி முடிகிற இடத்தில் கலஹா. அதற்கும் அப்பால் தெல்தோட்டை. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துர தோட்டமும் அந்தப் பக்கம்தான்.

நான் போனது தேயிலை பார்க்க அல்ல. இலங்கையில் நரம்பு நரம்பாக ஓடும் குவார்ட்ஸ் படிவங்களைப் பற்றி நிலவியலாளர்கள் எழுதும்போது கலஹாவின் பெயர் வரும். அந்த வெள்ளைக்கல்லை அது கிடக்கும் இடத்திலேயே பார்க்க வேண்டும் என்று இருந்தது. அக்காவின் மகனும் கூட வந்தான். இரசாயனத்தில் பட்டமேற்படிப்பு படிக்கிறான். தமிழ்நாட்டில் ஓர் ஆய்வுகூடத்தில் தங்கி, குவார்ட்ஸ் குழாய்க்குள் பொருளை வைத்து வெற்றிடமாக்கி மூடும் வேலையைக் கைப்பழக்கமாக்கிக்கொண்டு வந்திருக்கிறான். அவன் அங்கே செய்து பழகியது இரும்பு மீக்கடத்தி.

மீக்கடத்தி என்பது ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே போனதும் மின்தடை அடியோடு இல்லாமல் போகும் பொருள். காந்தப்புலத்தையும் தனக்குள் இருந்து வெளியே தள்ளிவிடும். 1911 இல் ஒல்லாந்தில் கமர்லிங் ஒன்னஸ் இதை முதன்முதலில் இரசத்தில் கண்டார், 4.2 கெல்வினில். நீர் உறையும் நிலைக்கு ஏறக்குறைய 269 பாகை கீழே என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு எத்தனையோ உலோகங்களையும் கலப்புலோகங்களையும் சோதித்தவர்கள் இரும்பைப் பெரும்பாலும் ஒதுக்கியே வைத்திருந்தார்கள். இரும்பின் காந்தத்தன்மை மீக்கடத்தலைக் கெடுத்துவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. தோக்கியோவில் ஹிதேயோ ஹொசோனோவின் குழு 2006 இல் லந்தனம், இரும்பு, பொசுபரசு, ஒட்சிசன் சேர்ந்த ஒரு சேர்வையில் மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் மீக்கடத்தலைப் பார்த்தபோது அதிகம் பேர் திரும்பிப் பார்க்கவில்லை. 2008 பெப்ரவரியில் பொசுபரசின் இடத்தில் ஆசனிக்கை வைத்து, ஒட்சிசனில் ஒரு பங்கைப் புளோரினாக மாற்றி 26 கெல்வினை எட்டினார்கள். அப்போது உலகம் முழுவதும் உலைகள் பற்றவைக்கப்பட்டன. அந்த ஆண்டிலேயே பெய்ஜிங்கில் சமாரியத்தை வைத்து 55 கெல்வின் வரை போய்விட்டார்கள்.

இவற்றில் பெரும்பாலானவை பிறந்தது குவார்ட்ஸ் குழாய்க்குள்தான். ஆயிரம் பாகைக்கு மேல் சூட்டைத் தாங்கி, உள்ளே இருப்பதைக் காற்றுப் படாமல் வைத்திருக்க அதைவிட வசதியான பாத்திரம் இல்லை. அந்தக் குழாய் உருக்கிய சிலிக்கா. கலஹாவின் கல்லும் சிலிக்காதான். என்னை மலைக்கு மேல் இழுத்தது இந்தத் தொடர்பு.

கலஹா கடைவீதியில் இறங்கி, மரக்கறிக் கடையில் விசாரித்தோம். அங்கே நின்ற பெரியவர் ஒருவர், தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், தானே வழிகாட்ட முன்வந்தார்.

“வெள்ளக்கல்லா? மேல் மலையில இருக்குங்க மாஸ்டர். கான் வெட்டுன எடத்துல மழ பேஞ்சா பளபளன்னு தெரியும். அத எதுக்குப் பாக்குறீங்க?”

“அதிலிருந்து கண்ணாடிக் குழாய் செய்வாங்கய்யா. அந்தக் குழாயில இவர் இரும்ப வச்சுச் சுடுறார்” என்றேன்.

“இரும்பச் சுடுறதுக்கு இம்புட்டுத் தூரம் வரணுமா தம்பி?” என்று மருமகனைப் பார்த்துக் கேட்டுவிட்டு முன்னால் நடந்தார்.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. மண் செம்மண், மழைக்கு வழுக்கும். கண்டிப் பக்கத்து மலைகள் மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆனவை. ஆழத்தில் அவை விரிசல் கண்டபோது, சிலிக்கா கரைந்த சூடான நீர் அந்த விரிசல்களில் ஏறி, ஆறி, படிவாகத் தங்கியது. பின்னர் மேலே உள்ள பாறை காலப்போக்கில் உக்கிச் செம்மண்ணாயிற்று. குவார்ட்ஸ் உக்காது. அதனால் மண் கரையக் கரைய அது வெளியே தெரியும். பெரியவர் காட்டிய இடத்தில் கானின் ஒரு பக்கச் சுவரில் இடுப்பளவு அகலத்தில் வெள்ளைப் பட்டை சாய்வாக இறங்கியிருந்தது. கீழே உடைந்த துண்டுகள்.

ஒன்றைக் கையில் எடுத்தேன். எதிர்பார்த்ததைவிடக் கனம். பாலின் வெள்ளை. விளிம்பில் மட்டும் வெளிச்சம் கொஞ்சம் உள்ளே போய்த் திரும்புகிறது. மருமகன் தன் கத்தியின் முனையால் கீறிப் பார்த்தான். கல்லில் கீறல் விழவில்லை, கத்தியின் உருக்குத்தான் சாம்பல் கோடாகக் கல்லில் ஒட்டியது. ஒரு வெடிப்பின் ஓரம் முழுவதும் துருப்பழுப்பு.

“இதான் மாமா சிக்கல்” என்று அந்தப் பழுப்பைக் காட்டினான். “குழாய்க்கு இந்த இரும்பு ஆகாது. உள்ள வைக்கிற இரும்பு மட்டும்தான் இரும்பா இருக்கணும்.”

கல்லின் வெள்ளைக்கும் காரணம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய நீர்த்துளிகளும் வாயுக் குமிழிகளும் படிவம் உண்டான காலத்திலேயே உள்ளே அகப்பட்டுவிட்டன. அவை ஒளியைச் சிதறடிப்பதால்தான் கல் பால் போல் தெரிகிறது. உருக்கினால் அதே துளிகள் கண்ணாடியில் குமிழியாக நிற்கும். நல்ல நரம்புக் குவார்ட்ஸில் சிலிக்கா 98, 99 சதவீதம் இருக்கும். கேட்பதற்கு நிறைய என்றாலும் ஆய்வுக் குழாய்க்குப் போதாது. அதற்குத் தசம புள்ளிக்குப் பின்னும் ஒன்பதுகள் வேண்டும். உடைத்து, அரைத்து, காந்தத்தில் இரும்புத் துகளைப் பிரித்து, அமிலத்தில் ஊறவைத்துக் கழுவி, அப்படிப் பல படிகள் கடந்துதான் அங்கே போகலாம். அமெரிக்காவின் வட கரோலினாவில் ஸ்புரூஸ் பைன் என்ற சிற்றூரின் குவார்ட்ஸ் இந்த வகையில் உலகப் பெயர் பெற்றது. நம் கல் கல்லாகவே கப்பலேறுகிறது, குழாய் காசு கொடுத்துத் திரும்ப வாங்கப்படுகிறது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. 1903 இல் இந்தத் தீவின் கனிமங்களை முறையாகக் கணக்கெடுக்கத் தொடங்கியவர் ஒரு தமிழர், ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றாசிரியராக உலகம் அறிந்த அவர் முதலில் நிலவியலாளர். இலங்கைக் கனிமவியல் அளவையின் முதல் பணிப்பாளர். கனிமம் எங்கே இருக்கிறது என்று அறிந்து 100 ஆண்டுக்கு மேலாகிவிட்டது. அதை எந்தப் பொருளாக மாற்றுகிறோம் என்பதில்தான் நாம் இன்னும் நகரவில்லை.

மழை தூறத் தொடங்கியதும் பெரியவரின் வீட்டுக்குப் போனோம். லயத்தின் கடைசி வீடு. மேசையில் தேநீர் வந்தது. மருமகன் பையில் இருந்து துணியில் சுற்றிய குழாயை எடுத்துக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தான்.

ஒரு சாண் நீளம், சுண்டுவிரல் பருமன். ஒரு முனை உருண்டையாக மூடியிருந்தது. மறுமுனை குறுகி, கழுத்தாக இழுபட்டு, கூராக முடிந்தது. அடியில் கருஞ்சாம்பல் நிறத்தில் சில தகடுகள், நகத்தின் பாதி அளவுகூட இல்லை. குழாயைச் சரித்தால் அவை ஒளியைப் பட்டென்று திருப்பியடிக்கின்றன. இரும்பும் செலனியமும் சேர்ந்த பளிங்குகள். இந்தச் சேர்வை 8 கெல்வினுக்குச் சற்று மேலே மீக்கடத்தியாகும் என்று 2008 இல் காட்டியது தாய்வானில் வு மாவ்-குன் குழு. இரும்பு மீக்கடத்திகளிலேயே கட்டமைப்பில் மிக எளியது இதுதான். இரண்டே மூலகங்கள். இரும்பும் செலனியமும் சேர்ந்த படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும், வேறொன்றும் இல்லை.

“தொடலாமா?” என்று கேட்டார் பெரியவர்.

“வெளிப்பக்கம் தொடலாம் தாத்தா. ஆனா அடுப்பில வைக்கப் போற குழாயைத் தொடமாட்டோம். விரல் பட்ட எடத்தில வேர்வையில இருக்கிற உப்பு ஒட்டிக்கும். சுட்டா அந்த எடத்தில கண்ணாடி வெளுத்துப் பொரியும்.”

குழாய் மூடுவதை அவன் கைகளால் காற்றில் செய்து காட்டினான். ஒரு முனையை முதலில் உருக்கி மூட வேண்டும். அரைத்து வில்லையாக அமுக்கிய இரும்பு, செலனியத் தூளை உள்ளே இறக்க வேண்டும். திறந்த முனையை வெற்றிடப் பம்பியில் மாட்டி, காற்றை இழுத்து, ஆகன் வாயுவை விட்டு, மீண்டும் இழுத்து, இப்படிச் சில தடவை. பிறகு ஒட்சிசன் கலந்த தீச்சுவாலையில் கழுத்தைச் சுழற்றிச் சுழற்றிக் காட்ட வேண்டும். சிலிக்கா இளகும்போது உள்ளே வெற்றிடம் இருப்பதால் வெளிக்காற்றே சுவரை உள்நோக்கித் தள்ளி மூடிவிடும். சாதாரண வாயு அடுப்பின் சூடு இதற்குப் போதாது, சிலிக்கா 1600 பாகைக்குப் பக்கத்தில்தான் இளகும். மூடிய பிறகும் அவசரப்படக் கூடாது. செலனியம் 221 பாகையில் உருகி 685 பாகையில் கொதிக்கும். இரும்போடு சேர நேரம் கொடுக்காமல் சூட்டை ஏற்றினால் ஆவியின் அமுக்கம் குழாயை வெடிக்கவைத்துவிடும். செலனிய ஆவி நஞ்சு. அதனால் பலர் குழாய்க்கு மேல் இன்னொரு குழாய் போட்டு மூடுகிறார்கள்.

மூடிய பாத்திரத்துக்குள் இரும்பை வைத்து அதன் குணத்தை மாற்றுவது நமக்குப் புதிதல்ல. கொங்கு நாட்டிலும் சேலத்திலும் களிமண் மூசைக்குள் இரும்பையும் ஆவாரங்குச்சியையும் வைத்து, வாயை மண்ணால் அடைத்து, உலையில் சுட்டு உருக்கு எடுத்தார்கள். கொடுமணல் அகழாய்வில் அந்த உலைகளின் தடயம் கிடைத்தது. இலங்கையில் சமனலவெவப் பகுதியில் பருவக்காற்றையே துருத்தியாகப் பயன்படுத்திய இரும்பு உலைகளைக் கில் ஜூலெஃப் கண்டறிந்து 1996 இல் வெளியிட்டார். மலைநாட்டில் இரும்பு உருக்கிய கடைசி ஆட்களின் வேலையைக் குமாரசுவாமி நேரில் பார்த்து 1908 இல் வெளிவந்த தம் நூலில் பதிந்திருக்கிறார். காற்றை அடைத்துவிட்டு, உள்ளே எவ்வளவு சேர்க்கிறோம், எவ்வளவு நேரம் சுடுகிறோம் என்பதைக் கையில் வைத்திருந்த மக்கள் இவர்கள். மருமகன் செய்வதும் அதே வேலைதான், களிமண்ணுக்குப் பதில் சிலிக்கா.

பெரியவர் ஒருகாலத்தில் தேயிலை ஸ்டோரில் இருந்தவர். அதனால் அடுத்த விஷயம் அவருக்கு உடனே பிடிபட்டது. ஒரே கொழுந்துதான், வாட்டுவதிலும் புளிக்கவைப்பதிலும் நேரமும் சூடும் தவறினால் வேறு தேயிலையாகப் போய்விடும். இரும்பு செலனைடும் அப்படித்தான். நமக்கு வேண்டிய சதுரப் படல அமைப்பு ஏறத்தாழ 457 பாகைக்குக் கீழேதான் நிலையானது. அதற்கு மேல் அணுக்கள் வேறு ஒழுங்கில் நின்றுவிடும், அது மீக்கடத்தாது. 300 பாகைக்குக் கீழே நெடுநேரம் விட்டால் இதுவும் மெல்லக் கெடும். இடைப்பட்ட அந்த ஒடுங்கிய வெப்பநிலையில் நாட்கணக்கில் வைத்து, சட்டென்று குளிரவைக்க வேண்டும். அளவிலும் அதே கண்டிப்பு. பிரின்ஸ்டனில் ராபர்ட் காவா, டைரல் மெக்குயின் ஆகியோர் 2009 இல் காட்டியது நம்ப முடியாத நுட்பம். 100 செலனியத்துக்கு 101 இரும்பு இருந்தால் 8.5 கெல்வினில் மீக்கடத்துகிறது. 103 ஆனால் மீக்கடத்தலே இல்லை.

“ரெண்டு கூடினதுக்கா?” என்றார்.

“ரெண்டு கூடினதுக்குத்தான். கூடுதல் இரும்பு படலங்களுக்கு நடுவில போய் உக்காந்துக்கும். அதோட காந்தம் எல்லாத்தையும் கெடுத்துடும்.”

இரும்பு மீக்கடத்தி செய்ய எளிய முறை எது என்று கேட்பவர்கள் இந்த இடத்தைத்தான் கவனிக்க வேண்டும். உபகரணம் குறைந்தால் மட்டும் முறை எளிதாகாது. தவறு நேர்ந்தாலும் திருத்திக்கொள்ள இடம் விடும் முறையே சிறிய ஆய்வுகூடத்துக்கு எளிய முறை.

ஹொசோனோவின் வழி அப்படி இடம் விடாது. லந்தனத்தையும் ஆசனிக்கையும் ஈரமோ ஒட்சிசனோ இல்லாத கையுறைப் பெட்டிக்குள் கலந்து, இடைச் சேர்வை செய்து, மறுபடி அரைத்து, ஆகன் நிரப்பிய சிலிக்காக் குழாயில் 1250 பாகையில் 40 மணி நேரம் சுட வேண்டும். ஆசனிக் 600 பாகை தாண்டியதும் திண்மத்திலிருந்து நேரே ஆவியாகும் நஞ்சு. குழாய் வெடித்தால் அறையே ஆபத்து. பெய்ஜிங்கின் 55 கெல்வின் பொருளுக்கு அதற்கும் மேலே, காற்றமுக்கத்தைப்போல் பல்லாயிரம் மடங்கு அமுக்கம் தரும் யந்திரம் வேண்டியிருந்தது. பேராதனையில் ஒரு மாணவனிடம் இதைச் செய் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் கடந்த ஆண்டுகளில் பல பக்கங்களில் இருந்து வழி இலகுவாகி இருக்கிறது. டெல்லி தேசிய பௌதிகவியல் ஆய்வகத்தில் வி. பி. எஸ். அவானாவின் குழு 2015 இல் வெளியிட்ட முறை என்னை மிகவும் கவர்ந்தது. இரும்பு, செலனியம், தெலூரியம் மூன்றையும் அரைத்து, வில்லையாக்கி, வெற்றிடக் குழாயில் மூடி, சாதாரண உலையில் 1000 பாகை வரை சூடேற்றி மெல்ல மெல்லக் குளிரவிடுவது, அவ்வளவுதான். உருகலைக் கரைக்க வேறு உப்பு இல்லை, நகரும் உலை இல்லை, விலை உயர்ந்த பளிங்கு வளர்ப்பு யந்திரம் இல்லை. சென்டிமீட்டர் அளவில் பளபளக்கும் பளிங்குகள் பிளந்து வருகின்றன. 14 கெல்வினுக்குப் பக்கத்தில் மீக்கடத்துகின்றன. செலனியத்தில் பாதியைத் தெலூரியமாக்கியதால், தனி செலனைடை வருத்தும் 457 பாகைத் தொல்லை இந்தச் சேர்வையைத் தொடுவதில்லை. தனி செலனைடையே நல்ல பளிங்காக வளர்க்க விரும்புகிறவர்களுக்குப் பொற்றாசியம் குளோரைட்டும் அலுமினியம் குளோரைட்டும் கலந்த உப்பு உருகல் இருக்கிறது. அது மிகத் தாழ்ந்த சூட்டிலேயே உருகும். குழாயின் ஒரு முனை 400 பாகைக்குச் சற்றுக் கீழே, மறுமுனை அதைவிடக் குளிர்ந்து. இரும்பும் செலனியமும் உப்பில் மெல்லக் கரைந்து குளிர்ந்த முனையில் வாரக்கணக்கில் தகடாகப் படியும். சூடு எப்போதும் 457 ஐத் தொடாததால் அந்த உயர்சூட்டு அமைப்பு உருவாக வழியில்லை. மேசையில் இருந்த குழாயில் உள்ளவை அப்படி வளர்ந்தவைதான்.

யப்பானின் யோஷிஹிகோ தகானோ, கெய்தா தெகுச்சி குழு செய்ததைப் பெரியவரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார், ஆனால் அது கடுமையான ஆராய்ச்சி. இரும்பு, தெலூரியம், கந்தகம் சேர்ந்த ஒரு சேர்வை உலையில் இருந்து வரும்போது சரியாக மீக்கடத்தாது, கூடுதல் இரும்பு நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும். அதை 70 பாகைச் சூட்டில் ஒரு முழுநாள் மதுவகைகளில் ஊறவைத்தார்கள். நீரும் வெறும் அற்ககோலும் கலந்ததில் மீக்கடத்தும் பங்கு 15 சதவீதத்தைத் தாண்டவில்லை. சிவப்பு வைனில் 62 சதவீதம். முதலில் 2011 இல் இந்த முடிவு வந்தபோது காரணம் புலப்படவில்லை. அடுத்த ஆண்டுகளில் அவர்களே வைனைப் பிரித்துப் பார்த்து, வேலை செய்தது அற்ககோல் அல்ல, அதில் இருந்த கரிம அமிலங்கள் என்று கண்டார்கள். எலுமிச்சையில் உள்ள சித்திரிக் அமிலம், அப்பிளின் மாலிக் அமிலம், திராட்சையின் தாட்டாரிக் அமிலம். இந்தக் கடைசி அமிலம்தான் நம் புளிக்கும் அந்தப் புளிப்பைத் தருவது. இந்த அமிலங்கள் கூடுதல் இரும்பை மட்டும் பற்றி வெளியே இழுத்துவிடுகின்றன, படலங்களைத் தொடுவதில்லை. உலையில் நேர்ந்த தவறை ஒரு கண்ணாடிக் குவளைக்குள் திருத்திக்கொள்ளலாம் என்று இதில் தெரிகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த முடிவு இது.

அதைவிடவும் எளியது ஒன்று இருக்கிறது. அதற்கு உலையே வேண்டாம், குவார்ட்ஸ் குழாயும் வேண்டாம். 2015 இல் சீனாவில் லாய் சியாவ்ஃபாங்கும் உடன் உழைத்தவர்களும் இரும்புத் தூளைச் சோடியம் சல்பைட்டுக் கரைசலோடு உருக்கு உறையிட்ட தெஃப்லோன் கலத்தில் அடைத்து, நூற்றுச் சொச்சம் பாகையில் நாட்கணக்கில் வைத்தார்கள். கிடைத்தது இரும்புச் சல்பைட்டின் சதுரப் படல வடிவம். செலனைடின் அதே அடுக்கு, செலனியத்துக்குப் பதில் கந்தகம். 4.5 கெல்வினில் மீக்கடத்தியது. இந்தக் கனிமம் இயற்கையிலும் உண்டு, மக்கினவைட்டு என்று பெயர். காற்றுப் படாத சேற்றில்கூட உண்டாகும். பல பத்தாண்டுகளாக இரசாயனவியலாளர்கள் கரைசலில் இருந்து அதைக் கருந்தூளாக வீழ்படியச் செய்து வந்தார்கள். ஒருவரும் மீக்கடத்தலைக் காணவில்லை. அவசரமாக வீழ்ந்த தூளில் ஒழுங்கு இல்லை. மூடிய கலத்தில் பொறுமையாக வளர்ந்தபோதுதான் அதன் உண்மைக் குணம் வெளிப்பட்டது. அதே 2015 இல் ஹெஃபெய் நகரில் சென் சியன்-ஹுய் குழு இலித்தியம் ஐதரொட்சைட்டு, இரும்புத் தூள், செலனோயூரியா மூன்றையும் நீரோடு இதேபோன்ற கலத்தில் 160 பாகையில் வைத்து, 40 கெல்வினைத் தொடும் சேர்வையைப் பெற்றார்கள். 8 கெல்வின் செலனைடின் படலங்களுக்கு இடையில் இலித்தியம் ஐதரொட்சைட்டுப் படலம் புகுந்துகொண்டதும் ஐந்து மடங்கு உயர்ந்துவிட்டது.

“அப்ப அதச் செய்ங்களேன் தம்பி, குக்கர்ல அவிக்கிற வேல தானே” என்றார் பெரியவர்.

“குக்கர்ல மட்டும் வேணாம் தாத்தா” என்றான் மருமகன் உடனே. அவன் சொன்னது சரி. அந்த வினையில் ஐதரசன் வெளிவருகிறது, கலத்தை முழுக்க நிரப்பினால் அமுக்கம் தாங்காது. சல்பைட்டுக் கரைசலில் அமிலம் பட்டால் ஐதரசன் சல்பைட்டு எழும்பும், அது ஆளைக் கொல்லும் வாயு. புகைபோக்கிப் பெட்டியும் முறையான கலமும் இல்லாத இடத்தில் யாரும் இதைத் தொடக் கூடாது. பாடசாலை ஆய்வுகூடங்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்கவில்லை. ஆனால் ஒரு பல்கலைக்கழக இரசாயனத் துறையில் இந்த வசதிகள் சாதாரணமானவை. ஆசனிக் இல்லை, அரிய மண் உலோகம் இல்லை, கையுறைப் பெட்டிகூட அவசியமில்லை. பொருட்களும் மலிவு.

தடை வேறிடத்தில் நிற்கிறது. செய்வதற்கு மிக எளிதான பொருள், பார்ப்பதற்கு மிகக் கடினமானது. 4.5 கெல்வினுக்கு இறங்கத் திரவ ஈலியமோ, அந்த ஆழத்துக்குப் போகும் மூடிய சுற்றுக் குளிரூட்டியோ வேண்டும். திரவ நைதரசன் 77 கெல்வினோடு நின்றுவிடும். இரும்பு மீக்கடத்திகளில் எதுவும் சாதாரண அமுக்கத்தில் அந்த இடத்துக்கு உறுதியாக வரவில்லை. ஒரு படலம் மட்டும் தடிப்புள்ள செலனைடை ஸ்ட்ரொன்சியம் தித்தனேற்றின் மேல் வளர்த்து 2012 இல் சுவே சி-குன் குழு காட்டிய வியப்பான முடிவும் 65 கெல்வினுக்கு அருகில்தான் பேசப்படுகிறது. அதற்கு வேண்டிய யந்திரமோ எளிமைக்கு நேர் எதிர். மருத்துவமனை எம்ஆர்ஐ யந்திரங்களுக்குள் திரவ ஈலியம் இருக்கிறது என்பது உண்மை. அது நோயாளிக்கான காந்தத்தைக் குளிர்விக்க மட்டுமே, ஆராய்ச்சிக்கு அதில் இருந்து ஒரு சொட்டும் எடுக்க முடியாது.

இதனால் என் எண்ணம் இது. கண்டியில் இதைத் தொடங்குகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது இரும்புச் சல்பைட்டு. மீக்கடத்துகிறதா என்று பார்ப்பதற்கு முன்னமே, உருவானது சரியான சதுரப் படல அமைப்பா என்று எக்ஸ் கதிர் மூலம் இங்கேயே சோதிக்கலாம். கை பழகும், எந்தச் சூடும் எத்தனை நாளும் நல்ல பளிங்கைத் தருகின்றன என்பது தெரியவரும். அதே கலத்தில் அடுத்த படியாக அந்த 40 கெல்வின் சேர்வை. அதற்குச் சாதாரண மூடிய சுற்றுக் குளிரூட்டியே போதும், மின்சாரம் தவிர வேறொன்றும் செலவாகாது. ஆழமாகப் போக வேண்டிய அளவீடுகளுக்கு பாக்கு நீரிணைக்கு அப்பால் ஆட்கள் இருக்கிறார்கள். திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் உயரமுக்க ஆய்வு மையத்தில் எஸ். ஆறுமுகம் குழு இரும்பு மீக்கடத்திகளை அமுக்கத்துக்குள் வைத்து ஆராய்ந்திருக்கிறது. கல்பாக்கத்திலும் இந்தச் சேர்வைகளில் வேலை நடந்திருக்கிறது. அமுக்கம் இந்தப் பொருட்களுக்கு எவ்வளவு முக்கியம் என்றால், 8 கெல்வினில் நிற்கும் செலனைடு அமுக்கத்தில் 37 கெல்வின் வரை ஏறுகிறது. பொருளைக் கண்டியில் செய்து அங்கே அளப்பதில் எந்தக் குறைவும் இல்லை. உலகம் முழுவதும் இப்படித்தான் நடக்கிறது.

பெரியவர் குழாயையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். “இந்தக் கல்லுலேருந்து இந்தக் குழாய இங்க செய்ய ஏலுமா?”

“ஏலும் தாத்தா. ஆனா மொதல்ல கல்ல மாவாக்கிக் கழுவிச் சுத்தம் பண்ற வேல இங்க வரணும். குழாய் உருக்குறது அதுக்குப் பிறகு.”

“எத்தன வருசம்?”

“அது என் கையில இல்ல. சல்பைட்டுன்னா வர்ற தவணையிலயே ஆரம்பிக்கலாம், கலம் ஒண்ணு வாங்கினாப் போதும்” என்றான். பிறகு என்னிடம் திரும்பி, தெஃப்லோன் உறைக்கு எந்தக் கொள்ளளவு போதும், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாமல் இருந்தால் ஒரு தடவைக்கு எத்தனை கிராம் தேறும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான்.